வேன் கதவுக்குள்ளே என்ன இருக்கு? சூட்டையும் சத்தத்தையும் குறைக்க ஒரு பாடம்



கண்காட்சி, சந்தை, திருவிழா என்று பொருள்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் குழுக்கள் நம்மில் உண்டு. லாட்ஜ் வாடகையை மிச்சம் பிடிக்க, பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே பலகைக் கட்டில் போட்டு, ராத்திரி அதிலேயே படுத்துக்கலாமா என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள். சினிமா படப்பிடிப்புக்கு வரும் கேரவன் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் எளிய வடிவம்தான் இது. கேரளத்தில் 2021-ல் அரசே கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது.

ஆனால் வேன் என்பது தகரப் பெட்டி. பகலில் கொதிக்கும், ராத்திரி ரோட்டில் போகிற லாரிச் சத்தம் எல்லாம் காதுக்குள்ளே கேட்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் கடையில் நிற்க முடியாது, கணக்கும் தப்பும். கதவுக்கு உள்ளுறை போட்டால் இது ஓரளவு குறையும். தப்பாகப் போட்டால் கதவு துருப்பிடிக்கும், காசும் போகும், உயிருக்கே ஆபத்தும் வரலாம். அதனால் இந்த மாதப் பாடம் வேன் கதவு.

சூடு எப்படி உள்ளே வருது?

நம்ம அடுப்படியிலேயே இதற்குப் பதில் இருக்கு. குழம்பில் போட்ட எவர்சில்வர் கரண்டியின் காம்பு சுடுகிறதே, அது கடத்தல். கொதிக்கும் தண்ணீர் கீழிருந்து மேலே புரள்கிறதே, அது சலனம். அடுப்பைத் தொடாமலே முகத்தில் அனல் அடிக்கிறதே, அது கதிர்வீச்சு. வேன் கதவிலும் இந்த மூன்றும் நடக்குது. வெயில் தகரத்தைச் சுட வைக்கும். தகரம் சூட்டை உள்ளே கடத்தும். உள்ளே உள்ள காற்று சுழன்று நம்மேல் படும்.

கரண்டிக்கு மரக்காம்பு போட்டால் கை சுடாது இல்லையா? கதவுக்கு நாம் போடுவதும் அந்த மரக்காம்பு மாதிரிதான். சின்னச் சின்னக் குமிழியாகக் காற்றை அடைத்து வைத்த ஃபோம் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. வெளிக்காற்று படாத வெறும் காற்றே நல்ல தடுப்பு.

சத்தம் எப்படி வருது?

இரண்டு வழி. ஒன்று, மெல்லிய தகரம் பறை மாதிரி அதிர்கிறது. இரண்டு, கதவு ரப்பரில் உள்ள இடைவெளி. காற்று நுழையும் இடமெல்லாம் சத்தமும் நுழையும். பறைத்தோலில் ஈரத்துணி ஒட்டினால் சத்தம் மங்கும் அல்லவா? அதே வேலையைச் செய்வதுதான் பியூட்டைல் ஷீட். ஒரு பக்கம் பசையும் மறு பக்கம் அலுமினியத் தாளும் உள்ள, சுமார் 2 மி.மீ. கனமான கறுப்பு ஷீட் அது. சூட்டைத் தடுக்கும் ஃபோம் வேறு, அதிர்வை அடக்கும் ஷீட் வேறு. ஒன்றைப் போட்டு இரண்டும் சரியாகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

கதவுக்குள் தண்ணீர் போகும், தெரியுமா?

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. மழை பெய்யும்போது கண்ணாடி வழியாக ஓடும் தண்ணீரில் கொஞ்சம் கதவுக்குள் இறங்கும். இது பழுது இல்லை. கதவின் அமைப்பே அப்படித்தான். கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். தண்ணீர் அந்த வழியாக வெளியேறிவிடும்.

அந்த ஓட்டையை ஃபோமோ ஷீட்டோ வைத்து அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கி, கதவு உள்ளிருந்தே துருப்பிடித்துப் போகும். பஞ்சு, சாக்கு, பழைய துணி, சாதா ஸ்பாஞ்சு வைத்தாலும் இதே கதிதான். அவை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நாற்றமும் வரும். தெர்மோகோல் மலிவுதான், ஆனால் ஓட்டத்தில் உரசிக் கீச்சிடும், தீயும் சட்டென்று பிடிக்கும். தண்ணீர் உறிஞ்சாத, மூடிய குமிழி ஃபோம்தான் நல்லது. நைட்ரைல் ரப்பர் ஃபோம் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்க. தண்ணீர் சொட்டினால் அது வேண்டாம்.

செய்முறை

1. முதலில் ரப்பரைச் சோதிக்கணும். கதவிடுக்கில் ஒரு காகிதம் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தேய்ந்திருக்கு. முதல் செலவு ரப்பருக்குத்தான்.

2. உள்பக்க டோர் பேடைக் கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

3. அடி ஓட்டைகளைக் கம்பியால் சுத்தம் செய்யுங்கள். துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசிக் காய விடுங்கள்.

4. தூசி, எண்ணெய் இல்லாமல் துடைத்து, வெளித்தகரத்தின் உள்முகத்தில் பியூட்டைல் ஷீட்டை ஒட்டி உருளையால் அழுத்துங்கள். முழுக்க ஒட்ட வேண்டாம். கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை போதும். 3 அடிக்கு 2 அடி உள்ள கதவுத் தகரம் 6 சதுர அடி. ஷீட் 1½ முதல் 3 சதுர அடி இருந்தால் போதும். தட்டிப் பாருங்க: முன்பு 'டங்' என்றது இப்போது 'தொப்' என்று கேட்கும்.

5. அதன்மேல் ஃபோமை ஒட்டுங்கள். கண்ணாடி இறங்கும் தடம், பூட்டுக் கம்பி, வயர் எதிலும் படக் கூடாது. கண்ணாடியைப் பலமுறை ஏற்றி இறக்கிப் பாருங்க.

6. டோர் பேடுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். கிழிந்திருந்தால் புதுசு ஒட்டுங்கள்.

7. தள்ளு கதவில் கனமாக வைத்தால் உரசும். மேலே தூக்கும் பின்கதவில் எடை ஏறினால் நிற்காமல் தலையில் இறங்கும். அங்கெல்லாம் மெல்லியதாகவே போடுங்கள்.

8. கண்ணாடி வழியாகத்தான் வெயில் நேராக உள்ளே வரும். வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோமைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி, நிறுத்தும்போது மட்டும் வையுங்கள். ஓட்டும்போது எடுத்துவிட வேண்டும்.

உயிர் விஷயம், கவனமாகப் படியுங்கள்

இடுக்கெல்லாம் அடைத்த வண்டியில் காற்றோட்டம் குறையும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். கரி அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போய்விடுவார். எனவே படுக்கும் வேனுக்குள் அடுப்பு வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். என்ஜினை ஓடவிட்டுத் தூங்க வேண்டாம். மூடாத காற்றுத் துவாரம் கீழே ஒன்று, மேலே ஒன்று கட்டாயம் வேணும்.

உள்ளிருந்து கதவைத் திறக்கும் கைப்பிடி வேலை முடிந்த பிறகும் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். இருட்டில் ஒவ்வொருவரும் திறந்து பழகுங்கள்.

உள்ளுறை சூட்டைத் தாமதப்படுத்தும், குளிரை உண்டாக்காது. கூரைதான் அதிக வெயில் வாங்கும், அதனால் கதவோடு கூரையையும் கவனிக்கணும். வெயிலில் நிறுத்திய வண்டியில் குழந்தையை ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பணம் தரும் முன்

சீட், கட்டில், பாடி மாற்றம் செய்ய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். எத்தனை கதவு, எத்தனை சதுர அடி, என்ன பொருள் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் பதிந்த பிறகே முன்பணம் கொடுங்கள். பேடை மூடும் முன் குழுவிலிருந்து இருவர் நேரில் போய், ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றி, அடி ஓட்டை வழியாக வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால்தான் மீதிப் பணம்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

• நம் பயணங்களில் ராத்திரி எங்கே தங்குகிறோம்? அங்கே பாதுகாப்பு எப்படி?
• வேன் வாங்கும் கடனும் உள்ளுறைச் செலவும் சேர்ந்தால், மிச்சமாகும் வாடகையில் எத்தனை மாதத்தில் ஈடாகும்?
• கதவின் அடி ஓட்டையை ஏன் அடைக்கக் கூடாது? படிக்காத உறுப்பினருக்கும் புரியும்படி ஒருவர் விளக்குங்கள்.
• வேலையைச் சரிபார்க்கப் போகும் இருவர் யார்?