சுணங்கி வளரும் பிள்ளைக்கு வீடே முதற் பள்ளி

"ஆண்பிள்ளை சுணங்கித்தான் கதைப்பான், அவன்ரை அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தவர்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனால் அதை நம்பி ஓராண்டு, ஈராண்டு எனக் கழியவிடுவது பிள்ளைக்குப் பெரும் நட்டம். மூளையின் நரம்புத் தொடர்புகள் மிக வேகமாகப் பெருகுவது முதல் மூன்று ஆண்டுகளிலேயே.

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரியாத, ஒன்பது மாதத்தில் பிடியின்றி இருக்கமாட்டாத, ஒன்றரை வயதில் நடவாத, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடமும் கேட்கலாம். பழகிய சொல்லையோ செயலையோ பிள்ளை மறந்து வருமானால் ஒரு நாளும் தாமதியாதீர்கள். பேச்சுச் சுணக்கமென்றால் முதலில் காதைச் சோதிப்பிக்க வேண்டும். காது கேளாத பிள்ளையை மந்தமென்று ஒதுக்குவது எவ்வளவு அநியாயம்!

குறைபாட்டின் பெயர் தெரியும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில், விஸ்கொன்சின் மாநிலத்தின் போட்டேஜ் என்னும் சிற்றூரில் 1969இல் ஒரு முயற்சி தொடங்கியது. நாட்டுப்புறம், வீடுகள் தூரந்தூரமாக இருந்தன. ஆகவே ஆசிரியரே வாரம் ஒருமுறை வீடு தேடிப் போனார். மிகச் சிறிய வேலையொன்றைத் தெரிந்து, செய்துகாட்டி, தாயையும் செய்யவைத்துப் பார்ப்பார். தாய் அதை நாள்தோறும் செய்து ஒரு தாளில் குறித்து வைப்பார். மறுவாரம் அந்தத் தாளைப் பார்த்தே அடுத்த படி. இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

அந்த வேலை எவ்வளவு சிறியதாயிருக்க வேண்டுமென்பதற்குச் சோறு உண்ணப் பழக்குவதைப் பாருங்கள். பிள்ளையின் கையை உங்கள் கையால் பிடித்து, சோற்றை எடுத்து, வாயருகே கொண்டுபோங்கள். வாய்க்குள் வைக்கும் கடைசிச் செயலை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். வைத்ததும் மெச்சுங்கள். அது நன்கு பழகியபின் நெஞ்சளவில் கையை விடுங்கள். பிறகு கோப்பையடியிலேயே விடலாம். கடைசியிலிருந்து இப்படிப் பின்னோக்கிப் பழக்கினால், ஒவ்வொரு முறையும் காரியத்தை முடிப்பது பிள்ளைதான். முடியாமற்போய் அழுது கோப்பையைத் தள்ளும் நிலை குறையும். சில பிள்ளைகளுக்கு ஒரு படிக்கே வாரக்கணக்காகும், சலியாதீர்கள்.

பேச்சுக்கும் அப்படியே. வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் காட்டி, பெயர் சொல்லி, "எது வேணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். கை நீட்டினாலும் அது பதில்தான். கேட்டதைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். மூத்த பிள்ளைகள் தம்பிக்காகப் பதில் சொல்ல ஓடிவருவார்கள். அவர்களைச் சற்றே பொறுக்கச் சொல்லுங்கள், அம்மம்மாவையுந்தான்.