தலைப்பேன் நீக்கம்: சீப்பும் நாட்கணக்கும்

ஒருமுறை மருந்து தடவி, ஒருமுறை வாரி, அத்துடன் விட்டுவிடும் வீடுகளில் தலைப்பேன் இரண்டு மூன்று வாரங்களுக்குள் மீண்டும் பெருகிவிடுவதற்கான காரணம் அதன் வாழ்க்கைச் சுழற்சியிலேயே இருக்கிறது. பெடிகுலஸ் ஹியூமனஸ் கேப்பிடிஸ் என்னும் அறிவியல் பெயர் கொண்ட இப்பூச்சி, மனிதத் தலையை விட்டு நீங்கினால் ஓரிரு நாட்களுக்குள் இறந்துபோவது. சிறகற்றது, தாவவும் தெரியாதது, 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. பெண் பேன் நாளொன்றுக்குச் சில முட்டைகளை இட்டு, ஒவ்வொன்றையும் தலைத்தோலை ஒட்டிய முடித்தண்டில் பசைபோன்ற ஒரு சுரப்பினால் இறுக ஒட்டிவைக்கிறது. இம்முட்டையே ஈர் எனப்படுகிறது. ஈர் பொரிவதற்கு 7 முதல் 10 நாட்களும், பொரிந்த குஞ்சு முட்டையிடும் பேனாக வளர்வதற்கு மேலும் 10 நாட்கள் அளவிலும் ஆகின்றன. முதல் நாளில் ஊரும் பேன்கள் அனைத்தும் அகன்றுவிட்டாலும் ஈர்களுள் பல தப்பிவிடுகின்றன; அவை பொரிந்து வளர்ந்து மறுபடி முட்டையிடத் தொடங்குவதற்கு முன் அகற்றிவிட்டால் சுழற்சி அறுந்துபோகும். பேன் நீக்கத்தின் முழு உத்தியும் இந்த இடைவெளியைப் பிடிப்பதில்தான் அடங்கியுள்ளது.

முதற்படி, பேன் இருப்பதை உறுதிசெய்துகொள்வது. அரிப்பை மட்டும் நம்பியிருக்க இயலாது. பேனின் உமிழ்நீருக்கு உடல் காட்டும் ஒவ்வாமையே அரிப்பு என்பதால், முதன்முறையாகப் பேன் பற்றிய தலையில் அது தோன்ற 4 முதல் 6 வாரங்கள்கூட ஆகலாம். காதுகளுக்குப் பின்புறமும் பிடரியும் முதலில் பார்க்கவேண்டிய இடங்கள். பொடுகையும் ஈரையும் பிரித்தறிவது எளிது: பொடுகு விரலால் தட்டினாலே உதிரும், ஈர் நகத்தால் உருவினாலும் இலகுவில் வராது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வதால், தலைத்தோலிலிருந்து அதற்கும் அப்பால் தெரியும் வெண்ணிற ஈர்கள் பெரும்பாலும் பொரிந்துபோன வெறும் கூடுகளே ஆகும். உயிருள்ள பேன் ஒன்றேனும் கண்ணில் பட்டால்தான் சிகிச்சை தேவை. அவ்வாறு பட்டால், வீட்டில் உள்ள அனைவரின் தலையையும் அன்றே பார்த்துவிடவேண்டும்.

இரண்டாம் படி கருவிகளைத் தேர்வது. தேவைப்படுவன ஒரு நல்ல பேன் சீப்பு, சிடுக்கு எடுக்கும் அகன்ற பல் சீப்பு, கண்டிஷனர் அல்லது தேங்காய் எண்ணெய், ஒரு வெள்ளைத் துணி ஆகியவை மட்டுமே. பேன் சீப்பின் பற்கள் நீளமாகவும், வளையாத உலோகத்தாலும், ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி கொண்டும் இருத்தல் நலம். மெல்லிய பிளாஸ்டிக் பற்கள் அடர்ந்த கூந்தலில் விலகிக்கொடுத்துப் பேனைத் தப்பவிடுகின்றன. இக்கருவியின் பழமையும் நோக்கத்தக்கது. இஸ்ரேல் நாட்டின் லாக்கீசு என்னும் தொல்நகரில் கிடைத்த தந்தச் சீப்பொன்றில், பேனை ஒழிக்க வேண்டும் என்னும் வாசகமொன்று கானானிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதை 2022ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் பழமையானதாகக் கருதப்படும் அச்சீப்பிலும் ஒருபுறம் சிடுக்குக்கான தடித்த பற்களும் மறுபுறம் பேனுக்கான நெருங்கிய பற்களுமே அமைந்திருந்தன.

மூன்றாம் படியான வாருதலே இங்கு முதன்மையானது. அவசரப்படாமல் செய்யவேண்டியதும் அதுவே. தலையை அலசிய பின் ஈரம் சொட்டாத நிலையில் கண்டிஷனரை வேர்க்கால் முதல் நுனி வரை தாராளமாகப் பூசவேண்டும். வழுவழுப்பில் பேன் விரைந்து ஓட முடியாது, சீப்பும் தடையின்றி இறங்கும். கண்டிஷனர் இல்லாத வீடுகளில் தேங்காய் எண்ணெயை அதே அளவு தாராளமாகத் தடவி வாரிய பின் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டலாம். முதலில் அகன்ற பல் சீப்பால் சிடுக்கை முழுமையாக எடுத்துவிட்டு, நடுவகிடு பிரித்து, தலையை நான்கு பகுதிகளாகக் கிளிப் போட்டுப் பிரித்துக்கொள்ளவேண்டும். பின்னர் விரல் அகலமே உள்ள மெல்லிய கற்றையை எடுத்து, சீப்பின் பற்கள் தலைத்தோலைத் தொடும்படி வைத்து, வேர்க்காலிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பில் வாரி, ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கவேண்டும். துணியில் பழுப்பு நிறத்தில் எள்ளைப் போன்று அசைபவை முதிர்ந்த பேன்கள். கண்ணுக்கு அரிதாகவே தெரியும் வெளிர்ந்த புள்ளிகள் குஞ்சுகள். ஒரே கற்றையை மேலிருந்தும் கீழிருந்தும் இருமுறை வாரிய பின்னரே அடுத்ததற்குச் செல்லவேண்டும். நீண்ட கூந்தலுக்கு அரைமணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்பதால், குழந்தைக்கு அலுப்புத் தட்டாமல் கதை கேட்டபடியோ படம் பார்த்தபடியோ நல்ல வெளிச்சத்தில் அமரவைப்பது அறிவுடைமை.

நான்காம் படி நாட்கணக்கு. முதல் நாள் வாரியபின், 5, 9, 13 ஆகிய நாட்களில் அதே முழுமையுடன் வாரி, 17ஆம் நாள் சோதித்துப் பார்க்கவேண்டும். இடையிடையே பொரியும் குஞ்சுகளை அவை முட்டையிடும் பருவத்தை எட்டுமுன்னரே அகற்றிவிட இக்கால அளவு வகைசெய்கிறது. நாட்காட்டியில் இத்தேதிகளைக் குறித்துவைக்காத வீடுகளில் ஏதேனும் ஒரு நாள் வாருதல் விடுபட்டுப்போகக்கூடும். அந்த ஒரு தவறுதல் முன்செய்த உழைப்பனைத்தையும் வீணாக்கப் போதுமானது.

மருந்து விரும்புவோர், மருந்தகங்களில் கிடைக்கும் 1 சதவீதப் பெர்மெத்ரின் லோஷனைப் பயன்படுத்தலாம். கண்டிஷனர் படாத, அலசித் துவட்டிய முடியில் அதைத் தடவி, 10 நிமிடம் விட்டு, நீரால் அலசவேண்டும். ஈர்களை அது முழுமையாகக் கொல்லாததால் 9ஆம் நாள் மறுமுறை தடவுவது கட்டாயம். பல நாடுகளில் பேன்கள் இம்மருந்துக்குத் தாக்குப்பிடிக்கப் பழகிவிட்டன என்பதால், மருந்து தடவினாலும் சீப்பைக் கைவிடலாகாது. கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவரைக் கேட்ட பின்னரே மருந்து.

வீட்டு வைத்தியம் என்னும் பெயரில் நடப்பவற்றுள் சில கொடிய விளைவு தருபவை. மண்ணெண்ணெய் தீப்பற்றக்கூடியது, நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே கேடு. சீதாப்பழ விதையை அரைத்துப் பூசும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலானது. அவ்விதைத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிக் கடும் வலியை உண்டாக்கும். கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடிய நஞ்சு. எறும்புப் பொடி, கரப்பான் மருந்து, மாட்டு உண்ணி மருந்து ஆகியவற்றைத் தலையில் போடுவது எந்நிலையிலும் கூடாது. மொட்டையடிப்பது பேனை ஒழிக்கும் என்பது உண்மையே. ஆயினும் சீப்பால் முடியக்கூடிய வேலைக்காக ஒரு சிறுமியை வகுப்பறையில் தலைகுனிய வைப்பது நியாயமாகாது. பேன் அழுக்கின் அடையாளமும் அன்று. நாள்தோறும் குளிக்கும் தலையிலும் அது அதே எளிமையுடன் வாழும்.

வீட்டுப் பொருட்களைப் பற்றி மிகுந்த கவலை தேவையில்லை. கடந்த இரண்டு நாட்களில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, ரிப்பன் ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்து, சீப்புகளைச் சூடான நீரில் ஊறவைத்தால் போதும். நாய்க்கும் பூனைக்கும் மனிதப் பேன் பற்றாது. சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, பிடரியில் நெறி கட்டிக் காய்ச்சல் கண்டாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஐந்தாம் நாளுக்குப் பின் சீப்பில் குஞ்சுகள் மட்டும் சிக்கினால் முறை சரியாகவே நடைபெறுகிறது எனக் கொள்ளலாம். முழுவளர்ச்சி பெற்ற பேன் சிக்கினால், ஒன்று முதல் நாள் வாரியதில் தவறியிருக்கவேண்டும், அல்லது வேறொரு தலையிலிருந்து புதிதாக ஏறியிருக்கவேண்டும். பேன் பெரும்பாலும் தலையோடு தலை ஒட்டும்போதே பரவுவதால், குழந்தையுடன் நெருங்கி விளையாடும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் வகுப்பாசிரியருக்கும் அன்றே சொல்லி, அத்தலைகளும் ஒரே வாரத்தில் பார்க்கப்படுமாறு செய்து, நாட்கணக்கை முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும்.