அம்மை வார்த்த குழந்தைக்கு ஆஸ்பத்திரி ஆகாதா?

விளாத்திகுளத்துக்கு வரும் வைப்பாறு, அதற்கு முன்பே ஒரு புண்ணியத் தலத்தைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. அதுதான் சாத்தூர் அருகே, அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவே மாரியம்மன் கொலுவிருக்கும் இருக்கன்குடி!

கரிசல் பூமியில் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலே, 'ஆத்தா, காப்பாத்து! உன் வாசல்ல முடி இறக்குறேன்' என்று வேண்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். குணமானதும் மாவிளக்கு, அக்னிச்சட்டி, ஆயிரங்கண் பானை என்று நேர்த்திக்கடன் தொடரும்.

அதெல்லாம் சரி... அம்மை வார்த்துவிட்டால் மட்டும், 'மருந்து கொடுத்தால் ஆத்தா கோபிப்பாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதே' என்கிறார்களே, ஏன்?

அது பெரியம்மைக் காலத்துப் பேச்சு. அந்த நோய்க்கு அன்று மருந்தே கிடையாது. வீட்டில் தனியே படுக்கவைத்து, வாசலில் வேப்பிலை செருகி, வெளியாட்கள் வராமல் பார்த்துக்கொண்டதே பெரிய வைத்தியம். அந்தப் பெரியம்மை 1975-ல் நம் நாட்டை விட்டும், அடுத்த சில ஆண்டுகளில் உலகை விட்டும் போய்விட்டது. 1980-ல் உலக சுகாதார நிறுவனமே அதை அறிவித்தது. இப்போது குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் சின்னம்மை. அதற்கு மருந்தும் உண்டு, தடுப்பூசியும் உண்டு.

பல பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானே இறங்கிவிடும். ஆனால், சிலருக்கு நுரையீரலையோ மூளையையோ தாக்கலாம். பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறதா? எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கிறதா? ஓயாத வாந்தி, வலிப்பு, கொப்புளத்தில் சீழ்? உள்ளூர் அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள். தேவையானால் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ அனுப்புவார்கள். வண்டி இல்லையென்றால் 108 இருக்கிறது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கலந்த மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு அது ஆபத்து.

வார்டில் தனியறை கொடுத்தால் வருந்தாதீர்கள். நம் பாட்டிமார் வீட்டில் செய்ததும் அதுதானே! தலைமாட்டில் ஒரு கொத்து வேப்பிலை வைக்க ஆசையா? நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டு வையுங்கள். அரைத்துப் புண்ணில் பூச வேண்டாம். இளநீரோ மோரோ கொடுப்பதையும் டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

வீடு திரும்பியதும், 'மூன்றாம் நாளா, ஐந்தாம் நாளா, எப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது?' என்று கேட்பீர்கள். நாள் கணக்கை விட, கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டதா என்று பாருங்கள். அதுவரை அது அடுத்தவருக்குத் தொற்றும்.

முடி காணிக்கைக்கும் அவசரம் வேண்டாம். சின்னம்மை தலையிலும் முத்துப்போடும். அந்தப் பொருக்கு உதிருமுன் சவரக்கத்தி பட்டால் புண்ணாகிவிடும். ஆடி கடைசி வெள்ளிக் கூட்டத்தில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் நிற்பார்கள். அவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஆடி தவறினால் தை கடைசி வெள்ளி, அதுவும் தவறினால் பங்குனி இருக்கிறது.

அதுவரை அந்த மஞ்சள் துணி முடிச்சு பூஜையறையிலேயே இருக்கட்டும். பிள்ளை தெம்பாகி, தானே நடந்து சந்நிதிக்கு வரும் நாளில், அவன் கையாலேயே உண்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.