நொடிப்பொழுது வாழும் மருந்து

நம் உடலில் ஓய்வின்றி உழைக்கும் உறுப்பு இதயம். நாம் அமைதியாக இருக்கையில் அது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. ஓடினால் துடிப்பு கூடும்; சற்று அமர்ந்தால் குறையும். ஆனால் சிலருக்குக் காரணமின்றித் திடீரென 150, 200 என்று ஏறிவிடுவதுண்டு.

பென்னலூரில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அன்னைக்கு இவ்வாறு நேர்ந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்தவர், நெஞ்சு படபடக்கிறது என்று சோர்ந்து அமர்ந்துவிட்டார். "வாயுவாக இருக்கும், சோடா குடித்தால் சரியாகும்" என்றனர் அக்கம்பக்கத்தார். தோழியோ 108 ஆம்புலன்சை அழைத்தாள். மருத்துவமனையில் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தனர். பின்பு மருத்துவர் மூச்சை அடக்கி முக்கச் சொன்னார். துடிப்பு தணியவில்லை. அடுத்து அடினோசின் என்னும் ஊசி மருந்தை எண்ணினார்.

இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டல் ஒரு கணுவின் வழியே செல்கிறது. இவ்வகை வேகத்துடிப்பு பலவற்றில் தூண்டல் அக்கணு வழியே சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அடினோசின் அவ்வழியைச் சில நொடிகள் அடைக்கும். சுற்று அறுபட்டு இதயம் இயல்பான தாளத்திற்குத் திரும்பும். குருதியில் இம்மருந்தின் பாதியளவு 10 நொடிக்குள் மறைந்துவிடும். ஆகவே பெரியவர்களுக்கு 6 மில்லிகிராம் மருந்தை ஓரிரு நொடிகளில் செலுத்தி, உடனே உப்புக் கரைசலையும் செலுத்துகின்றனர். பலன் இல்லையெனில் 12 மில்லிகிராம். அச்சமயம் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, உயிர் போவது போலத் தோன்றும், விரைவில் நீங்கிவிடும். இதயம் சில நொடிகள் நின்று துடிப்பதும் உண்டு. எனவே மின் அதிர்ச்சிக் கருவி அருகிலிருக்க, மருத்துவமனையிலேயே இதைக் கொடுக்கின்றனர்.

அடினோசின் இதயத்துடிப்பைக் குறைப்பதை 1929-இல் ட்ரூரி, செண்ட் ஜார்ஜி என்னும் அறிஞர்கள் வெளியிட்டனர். அதே ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, அடினோசின் அடங்கிய ஏ.டி.பி.யைத் தசையில் கண்டறிந்து அறிவித்தார். நம் அறிவியல் பாடத்தில் வரும் அதே ஏ.டி.பி.தான்!

மீண்டும் தோழியின் அன்னையிடம் வருவோம். "ஆஸ்துமா உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். அன்னை பேசவில்லை. இழுப்பு இருப்பது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சம். "உண்டு டாக்டர், அம்மா இன்ஹேலர் வைத்திருக்கிறார்கள்" என்றாள் தோழி. அடினோசின் மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும். ஆகவே மருத்துவர் வெரபமில் என்னும் வேறு மருந்தைச் செலுத்தினார். துடிப்பு தணிந்தது.

தோழியரே, படபடப்பு நிற்காவிடில் சோடாவை நம்பிக் காலம் தாழ்த்தாதிருப்போம். நம் வீட்டாருக்குள்ள நோய்களையும், உண்ணும் மருந்துகளையும் அறிந்து வைப்போம். காப்பி, தேநீர் கூட அடினோசினின் வலிமையைக் குறைக்கும். ஆகவே அருந்தியதையும் சொல்வோம். மருத்துவரிடம் மறைக்காத உண்மையே மருந்துக்குக் காவல்.