தங்காக் துணிக்கடைகளும் காப்புறுதி மறுஆய்வும்

குனோங் லேடாங் மலைக்கு அருகே, துணி வாணிகத்தால் பெயர்பெற்ற ஜோகூர் மாநிலத் தங்காக் நகரில் சிறுகடை நடத்துவோர், காப்புறுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கையில் கட்டணத்துக்கு முன்பாகக் காப்புத்தொகையை ஆராய்தல் வேண்டும். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்னர்ச் சரக்கு பெருகுவதால், சாதாரண மாதத்து இருப்பைக் கொண்டு கணித்த தொகை அக்காலத்தில் போதாமற்போகும். அத்தகைய குறைக்காப்பு நேர்ந்தால், இழப்பீட்டை அதே விகிதத்தில் குறைக்கும் ‘சராசரி விதி’ பொருந்துமாதலால், 200,000 வெள்ளி பெறுமான சரக்கை 120,000 வெள்ளிக்கு மட்டும் காப்புறுதி செய்தவர், 50,000 வெள்ளி இழப்புக்கு 30,000 வெள்ளியே பெறுவார்.

மலேசியாவின் அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றையே ஏற்கிறது. வெள்ளம், கூடுதல் கட்டணத்தில் தனியே சேர்க்கப்படவேண்டிய இடர் என்பதை, 2006 டிசம்பரில் தொடங்கிய ஜோகூர்ப் பெருவெள்ளத்தை அறிந்த வணிகர் மறத்தலாகாது. திருட்டுக் காப்புறுதியோ, பூட்டை உடைத்தல் போன்ற வலிந்த நுழைவால் நிகழும் களவையே பொதுவாகக் கருதுவதால், பட்டப்பகலில் பைக்குள் மறையும் சேலைக்கு அதனால் பயன் அரிது.

ஊழியரின் பணியிட விபத்துக்கு, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பதிவு செய்வது முதலாளியின் தனிக் கடமையாகும். மாடியைத் தையற்கூடமாகவோ கிடங்காகவோ மாற்றியிருப்பின் அதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்துமூலம் அறிவித்து, கொள்முதல் பட்டியல்களின் நகல்களைக் கடைக்கு வெளியே வைத்திருத்தல் நன்று.