மாட்டுகிற இடத்தைக் காட்டுங்க

துப்பாக்கி ஸ்கோப்பில் மாட்டும் தூரமானிக்குக் காப்புரிமை வேண்டும் என்று வருகிறவரிடம் நான் முதலில் சொல்வது, "மாட்டுகிற இடத்தைக் காட்டுங்க" என்பதுதான். தூரமானி எப்படி வேலை செய்கிறது என்று விளக்க அவர் ஆசையோடு ஆரம்பிப்பார். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். தூரமானி பழையது, ஸ்கோப்பும் பழையது. இரண்டும் சேர்கிற அந்த இரண்டு விரற்கடை இடத்தில் புதிதாக ஏதாவது இருந்தால்தான் விண்ணப்பம் பரிசோதகரின் மேசையைத் தாண்டும். செலாயாங்கில் உட்கார்ந்து காப்புரிமை விண்ணப்பம் எழுதுவதே என் பிழைப்பு. துணைக்கருவிகள் செய்யும் நம் பட்டறைக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று, இந்த வேலையில் நான் கற்றதைச் சொல்கிறேன்.

செலாயாங், பத்துமலை, கோம்பாக் வட்டாரத்தில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் விண்ணப்பத்தை வைத்தே பேசுகிறேன். அது வெளியிடப்பட்டுவிட்டது, பேசலாம். இருந்தாலும் அவர் பெயர் வேண்டாம். அவருடைய மைத்துனருக்கு ரவூப் பக்கம் தோட்டம். இரவானால் காட்டுப்பன்றி இறங்கிவிடும். உரிமம் வாங்கிய துப்பாக்கி இருக்கிறது. ஒற்றைக்குண்டுத் தோட்டா கனமானது, வேகம் குறைந்தது. நூறு மீட்டரைத் தாண்டினால் சரசரவென்று கீழே இறங்கும். தூரத்தைக் கண்ணால் தப்பாக மதிப்பிட்டால் விலங்கு காயத்தோடு காட்டுக்குள் ஓடிவிடும், அல்லது குண்டு எங்கோ போகும். "அது பாவம் தம்பி, ஆபத்தும்கூட" என்றார் அண்ணன். ஸ்கோப்பின் மேல் கழற்றி மாட்டும்படி லேசர் தூரமானி ஒன்றை அவர் செய்துகொண்டு வந்தது அந்த அக்கறையில்தான்.

எழுத உட்காருமுன் தேட வேண்டும். எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். சொற்களை வைத்துத் தேடினால் கடலில் விழுந்த மாதிரிதான். வகைப்பாட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறு ஆயுதங்களுக்கான தொலைநோக்கிக் குறிவைப்பான்கள் எஃப்41ஜி 1/38-இல் கிடக்கும். அவற்றிலும் தூரம் அளப்பவை எஃப்41ஜி 1/473-இல் வரும். ஒளியியல் தூரமானிகள் ஜி01சி 3, லேசர் தூர அளவீடு ஜி01எஸ் 17. அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஆங்கில வாசகம் அவருக்குச் சலிப்பு. ஆனால் குறுக்குவெட்டுப் படத்தில் ஒரு ஸ்கூரு எதற்காக அங்கே நிற்கிறது என்பதை என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பாளரைக் கூட வைத்துக்கொண்டே தேடுங்கள், இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள்.

தேடும்போது மூன்று குடும்பங்கள் வந்து நிற்கும். முதலாவது, அடிக்கோடும் கோணமும். 1802-இல் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினாரே, அதே கணக்குதான். அடிக்கோட்டை ஒரு குழாயின் நீளத்துக்குச் சுருக்கி, இரு முனைகளிலிருந்தும் வரும் பிம்பங்களை ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பது பார், ஸ்ட்ரௌட் என்ற இரு பேராசிரியர்களின் வழி. 1888-இல் பிரிட்டிஷ் போர் அலுவலகம் காலாட்படைக்குத் தூரமானி கேட்டு விளம்பரம் செய்ததைப் பார்த்து இறங்கினார்கள். காலாட்படைச் சோதனையில் அவர்கள் கருவி தேறவில்லை. பிறகு கடற்படை எடுத்துக்கொண்டது.

இரண்டாவது குடும்பம், உயரம் தெரிந்த பொருளை இரண்டு கோடுகளுக்கு நடுவே நிறுத்திப் பார்ப்பது. அரை மீட்டர் உயரமுள்ள விலங்கு ஸ்கோப்பில் ஐந்து மில்லிரேடியன் உயரம் காட்டினால் அது நூறு மீட்டரில் நிற்கிறது. நில அளவையாளர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் கருவிகளில் இப்படித்தான் அளந்தார்கள். 1960-களில் லெதர்வுட் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். பெரிதாக்கும் வளையத்தைத் திருகி இலக்கைக் கோடுகளுக்குள் அடக்கினால், வளையத்தோடு இணைந்த கேம் ஸ்கோப்பையே தேவையான அளவு சாய்த்துவிடும். அளப்பதும் திருத்துவதும் ஒரே திருகலில் முடிந்துவிடுகிறது. அந்த வரைபடத்தை அண்ணன் வெகுநேரம் பார்த்தார். "என்னா தம்பி, அப்பவே செஞ்சிட்டானா!" என்றபோது அவர் குரலில் இருந்தது மரியாதை. எனக்கும் அந்த வடிவமைப்பின் மேல் அளவு கடந்த மதிப்பு உண்டு. மூன்றாவது குடும்பம் லேசர். ஒளி 150 மீட்டர் போய்த் திரும்ப ஒரு மைக்ரோவினாடி ஆகும். அதை அளந்தால் தூரம் வந்துவிடும்.

இவ்வளவும் இருக்கும்போது "ஸ்கோப்பில் மாட்டப்பட்ட லேசர் தூரமானி" என்று முதல் கிளெய்மை, அதாவது உரிமை கோரும் வாசகத்தை, எழுதினால் அது நிற்காது. இதற்கு நான் காட்டும் உதாரணம் 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கே.எஸ்.ஆர்., டெலிஃப்ளெக்ஸ் வழக்கு. நகர்த்திச் சரிசெய்யக்கூடிய கார் பெடல் ஏற்கெனவே இருந்தது, மின்னணு உணரியும் இருந்தது. பெடலின் அசையாத சுழல்முனையில் உணரியைப் பொருத்தியதுதான் கிளெய்ம். தெரிந்த இரண்டைச் சேர்த்துத் தெரிந்த பலனைப் பெறுவது அத்துறைக் கைகாரருக்கு எளிதில் தோன்றக்கூடியதே என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இந்திய உச்ச நீதிமன்றம் 1978-லேயே பிஷ்வநாத் பிரசாத் வழக்கில் பட்டறை அளவிலான மேம்பாடு போதாது என்று கூறியது. நம் மலேசியாவின் 1983 காப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கேட்பதும் இதே கேள்விதான். பட்டறைக்காரருக்கு இது கொடுமையாகப் படும். ஆனால் கேள்வி நியாயமானது. நாளைக்கு வேறொருவர் இதே சாதாரணச் சேர்க்கைக்கு உரிமை வாங்கிவிட்டால் முதலில் மாட்டிக்கொள்வதும் நம் பட்டறைக்காரர்தான்.

சரி, மாட்டுகிற இடத்துக்கு வருவோம். அண்ணனின் தூரமானியைத் தாங்கும் கிளிப் உட்காரும் இருக்கையின் நீளம் 40 மில்லிமீட்டர். அதன் ஒரு முனை 0.04 மில்லிமீட்டர் தூக்கினால் போதும், லேசர் ஒரு மில்லிரேடியன் விலகிவிடும். தலைமயிர்த் தடிமன்கூட இல்லை அது. ஒரு தூசி, ஒரு பெயின்ட் திவலை இந்த வேலையைச் செய்துவிடும். ஒரு மில்லிரேடியன் என்பது 150 மீட்டரில் 15 சென்டிமீட்டர். குறுக்குக்கோடு பன்றியின் மேல் நிற்கும், லேசரோ பின்னால் இருக்கும் செம்பனை மட்டையைத் தொட்டு அந்தத் தூரத்தைச் சொல்லும். கழற்றி மாட்டும்போதெல்லாம் இந்தச் சிக்கல் வரும். சுடும்போதும் வரும். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது கிளிப் தன் நிலைமத்தால் முன்னால் போகப் பார்க்கும், அதன் பின்முனை எழும்பும்.

அண்ணன் இருக்கையை மூன்று எஃகுக் குண்டுகளின் மேல் நிறுத்தியிருந்தார். முன்பக்கம் ஒரு சாய்வான தடுப்பு. ஏன் சாய்வு என்று கேட்டேன். "நேரா வச்சா பின்னாடி தூக்குது தம்பி. இந்தச் சாய்வுல வச்சா, உதை வரும்போது தானே அமுக்கி உக்காந்துக்குது" என்றார். எனக்கு வேண்டியது அந்த ஒரே வாக்கியத்தில் இருந்தது. உதையின் விசை மூன்று குண்டுகளுக்கும் நடுவே கீழ்நோக்கி இறங்கும்படி அந்தக் கோணம் அமைந்திருந்தது. அவருக்கு அது கைப்பழக்கத்தில் வந்த விஷயம், பெரிதாக நினைக்கவில்லை. லேசர், திரை, பேட்டரி பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதி வந்திருந்தார். எழுதி வந்த தாளை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலேயே பேசவிட்டுக் கேளுங்கள். விண்ணப்பம் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் போக வேண்டும், அதைப் பிறகு நாம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது அளவீடு. கழற்றி மாட்டினால் எவ்வளவு விலகுகிறது, உதைக்குப் பின் எவ்வளவு, நேர்த்தடுப்பு வைத்தால் எவ்வளவு, சாய்வுத் தடுப்பு வைத்தால் எவ்வளவு என்று அட்டவணை போட்டுத் தாக்கல் செய்யும் நாளிலேயே சேர்த்துவிட வேண்டும். 26ஏ பிரிவின்படி, முதலில் சொல்லாத விஷயத்தைப் பின்னால் திருத்தம் என்ற பெயரில் நுழைக்க முடியாது. விலகலை அளக்கத் துப்பாக்கியே தேவையில்லை. ஸ்கோப்பை முக்காலியில் இறுக்கி, சுவரில் ஒரு கட்டத்தாள் ஒட்டினால் போதும். உதைக்கான சோதனை மட்டும் அனுமதி பெற்ற சுடுதளத்தில், உரிமம் உள்ளவர் கையில் நடக்க வேண்டும். நம் நாட்டில் 1960 ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் கேட்கும். இதில் எந்தச் சமாதானமும் செல்லாது.

பரிசோதனை தானாக நடக்காது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாக்கல் செய்து 18 மாதத்துக்குள் தனியாகக் கேட்டுப் பணம் கட்ட வேண்டும். அண்ணனுக்கு வந்த முதல் அறிக்கை பாதகமாகத்தான் இருந்தது. பரிசோதகர் இரண்டு ஆவணங்களை எடுத்துப் போட்டிருந்தார். ஒன்று ஸ்கோப்பில் மாட்டும் லேசர் தூரமானி. மற்றது ஆய்வக மேசையில் ஒளியியல் கருவியை மூன்று குண்டுகளில் நிறுத்தும் இருக்கை. இரண்டையும் சேர்த்தால் உங்களுடையது வந்துவிடுகிறதே என்பது அவர் வாதம். இந்த அறிக்கையைப் பார்த்ததும் பலர் மனம் உடைந்துவிடுவார்கள். நான் இதை ஒரு நல்ல வாசகரின் கேள்வியாகத்தான் படிப்பேன். பரிசோதகர் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் இல்லை, நாம் எழுதியதை மட்டுமே பார்த்தவர்.

பதிலில் "எங்களுடையது மிகவும் பயனுள்ளது" என்று எழுதக்கூடாது. பயனை யாரும் மறுக்கவில்லை. ஆய்வக இருக்கை புவியீர்ப்பை நம்பி நிற்பது, உதை வந்தால் பின்முனை தூக்கிவிடும். எனவே அதை அப்படியே துப்பாக்கியில் வைக்க எந்தக் கைகாரரும் நினைக்கமாட்டார். உதையையே அழுத்தும் விசையாக மாற்றும் சாய்வு இரண்டு ஆவணங்களிலும் இல்லை. இதோ அட்டவணை. பதில் இவ்வளவுதான். முதல் கிளெய்மை அந்தச் சாய்வுக்குள் சுருக்கினோம். முன்பாதியில் ஏற்கெனவே உள்ளதை ஒத்துக்கொண்டு, பின்பாதியில் சாய்வையும் விசையின் போக்கையும் மட்டும் வைத்தோம். "எந்தத் தொலைநோக்கிக்கும் பொருந்தும்" என்று அகலமாகக் கேட்க அண்ணனுக்கு ஆசை இருந்தது. நான் சம்மதிக்கவில்லை. அகலமாகக் கேட்டால் நில அளவைக் கருவிகளின் இருநூறு ஆண்டுச் சரித்திரம் முழுவதும் எதிரே வந்து நிற்கும். உதை என்ற சொல் கிளெய்முக்குள் இருக்கும்வரை அவை கிட்டே வராது.

துணைக் கிளெய்ம்களையும் கவனமாக எழுதுங்கள். 2015-இல் எஸ்.கே.பி. ஷட்டர்ஸ் வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம், முதன்மைக் கிளெய்ம் விழுந்தால் அதைச் சார்ந்தவையும் விழும் என்று சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் தனித்தனிக் கிளெய்மாக எழுதித் தள்ளினோம். 2019-இல் மெர்க், ஹோவிட் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலையை மாற்றியது. சார்ந்த கிளெய்ம்கள் தம் பலத்தில் நிற்கலாம். எனவே குண்டின் பொருள், சாய்வின் கோண வரம்பு, இறுக்கும் நெம்புகோல் என்று படிப்படியாக உள்ளே போவது இப்போது வீண்வேலை கிடையாது.

இவ்வளவு தூரம் போராட முடியாதவருக்குப் பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் இருக்கிறது. ஒரே ஒரு கிளெய்ம்தான் அனுமதி. புதிதாகவும் தொழிலில் பயன்படக்கூடியதாகவும் இருந்தால் போதும், எளிதில் தோன்றக்கூடியதா என்ற கேள்வி இல்லை. 10 ஆண்டு, பிறகு இரண்டு தடவை ஐந்தைந்து ஆண்டு நீட்டிக்கலாம். சின்னப் பட்டறைக்கு இது மட்டமான வழி என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். தாக்கலுக்கு முன் வீடியோ எடுத்துப் போடாதீர்கள். மலேசியாவில் நீங்களே வெளியிட்டதற்கு ஓராண்டு சலுகை உண்டு, ஐரோப்பாவில் அதை நம்பிப் போக முடியாது. இன்னொன்று, இங்கே குடியிருப்பவர் முதலில் இங்கேதான் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டில் முதலில் போடுவதென்றால் பதிவாளரின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. 23ஏ பிரிவை மீறுவது குற்றம். எல்லாக் கண்டுபிடிப்புக்கும் இது பொருந்தும், ஆயுதத்தோடு சேரும் பொருளில் இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். இந்தியாவிலும் 39-ஆவது பிரிவு இதே காவலை வைத்திருக்கிறது.

இங்கே தாக்கல் செய்த தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் முன்னுரிமை கோரலாம். அண்ணன் சொந்தபந்தம் இருக்கும் தமிழ்நாட்டை நினைத்து இந்தியாவில் போடலாமா என்று கேட்டார். இந்தப் பொருளை வாங்குகிறவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கச் சொன்னேன். காட்டுப்பன்றியால் விவசாயி திண்டாடுவதும் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பதும் ஆஸ்திரேலியாவில் அதிகம். அங்கே போட்டோம்.