மூன்று பத்தி எதற்கு?

கே: எங்கள் மில் இணையதளத்தின் உள்ளடக்கப் பக்கத்துக்கு 12 பிக்சல் எழுத்து போதும் என்கிறார் டிசைனர். சரியா? (ராஜபாளையம்)

ப: போதாது. 16க்குக் கீழே இறங்காதீர்கள்.

கே: ஆழ்வார் பாசுரங்களுக்கு ஒரு தளம் அமைக்கிறேன். பாட்டு முதற்குறிப்பை அச்சுப் புத்தகம் போலவே 3 பத்தியாக வைத்தேன். கம்ப்யூட்டரில் அழகு, போனில் வார்த்தைகள் உடைகின்றன. எழுத்தைச் சிறிதாக்கலாமா? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: எழுத்தின் மேல் ஏன் கை வைக்கிறீர்கள்? குற்றம் பத்தியில் இருக்கிறது. புத்தகத்தில் பத்தி பிரித்தது காகிதத்தை மிச்சப்படுத்த. திரையில் யார் வீட்டுக் காகிதம் கரைகிறது? உதாரணத்துக்கு, ஆண்டாளின் நாச்சியார் திருமொழி 143 பாசுரம். மூன்றாகப் பிரித்தால் பத்திக்கு 48. வாசகர் திரையைத் தள்ளித் தள்ளி 48க்கு வந்தபின் 49ஐத் தேடி மறுபடி உச்சிக்கு ஏற வேண்டும். தாளில் கண் மட்டும் ஏறினால் போதும், இங்கே விரலும் ஏற வேண்டும். போனோ பெரும்பாலும் 360 பிக்சல் அகலம்தான். அதையும் மூன்று கூறாக்கினால் வரிக்கு ஆறேழு எழுத்து நிற்கும். உடையாமல் என்ன செய்யும்?

அதன் 14 திருமொழிகளையும் தனித்தனித் தலைப்பாக்குங்கள்; தொட்டால் அதனதன் பாசுரங்கள் விரியட்டும். பத்தி இருந்தே தீர வேண்டுமென்றால், சிஎஸ்எஸ்ஸில் எத்தனை பத்தி என்று சொல்லாமல், ஒரு பத்தியின் அகலம் 18 எம் (எழுத்தளவோடு மாறும் அலகு) என்று மட்டும் சொல்லுங்கள். போனில் ஒன்று, பெரிய திரையில் இரண்டோ மூன்றோ, பிரவுசரே பார்த்துக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் தாத்தாவுக்குப் பத்தியும் சேர்ந்து அகலும். திருப்பாவை 30தானே, கம்ப்யூட்டரில் இரண்டு பத்தி வைத்தால் சண்டைக்கு வர மாட்டேன்.

கே: பிரஸ்ஸில் பாமினி ஃபான்ட்டில் அடித்த பட்டியலை அப்படியே ஏற்றினேன். சிலருக்கு ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதாம். எழுத்தளவு காரணமா? (ராஜபாளையம்)

ப: யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள், அளவைப் பிறகு பேசலாம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமே திஸ்கி என்ற பழைய குறியேற்றத்திலிருந்து யூனிகோடுக்கு மாறியது. அவர்கள் கையில் நூல்நூலாக இருந்தது. உங்களுக்கு ஒரே ஒரு பட்டியல்.

கே: பால்கோவா கடைக்கான பக்கத்தில் வரிக்கு வரி ஒட்டிக்கொள்கிறது. ஃபான்ட் கெட்டுவிட்டதா? பெயர்களையெல்லாம் சிவப்பில் தடிமனாக்கினால் தெளியுமா? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: ஃபான்ட் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். கீ மேலே சுழியும், மூ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 வரி உயரம் தமிழுக்குப் பற்றாது. 1.6 வையுங்கள். சிவப்பு வேண்டாம், விலையை மட்டும் தடிமனாக்குங்கள். உங்கள் ஊர்ப் பால்கோவாவுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீட்டையும் பக்கத்தின் தலையில் ஒருமுறை போட்டால் போதும், கால் கிலோ, அரை கிலோ என்று ஒவ்வொரு வரியிலும் வேண்டாம்.